ரால்ப் டச்செட்: பக்கத்தில் நின்று பார்த்தவன்

ஹென்றி ஜேம்ஸ் எழுதி 1881இல் நூலாக வெளிவந்த ‘த போர்ட்ரெய்ட் ஒஃப் எ லேடி’ நாவலின் நாயகி இசபெல் ஆர்ச்சர். ஆனால் வாசித்து முடித்த பின்பும் மனதை விட்டு அகலாதவன், அவளுடைய தாயின் சகோதரியின் மகன் ரால்ப் டச்செட்.

இங்கிலாந்தில் குடியேறிய அமெரிக்க வங்கியாளரின் மகன் அவன். நுரையீரல் நோயாளி, நீண்ட ஆயுள் இல்லை என்பதை அறிந்தவன். சட்டைப்பைக்குள் கைகளை விட்டபடி நின்று, தன் நோயையே கேலி செய்து பேசுவான். இசபெல் மீதுள்ள அன்பையும் அந்தக் கேலிக்குள்தான் மறைத்து வைக்கிறான்.

செல்வந்தப் பிரபு ஒருவரின் திருமணக் கோரிக்கையை இசபெல் மறுக்கிறாள். இப்படிப்பட்ட பெண் சுதந்திரமாக வாழ்ந்தால் என்ன செய்வாள் என்று பார்க்க ரால்ப் ஆசைப்படுகிறான். தனக்குரிய சொத்தில் ஒரு பகுதியை அவளுக்கு எழுதும்படி, மரணப் படுக்கையில் இருக்கும் தந்தையைக் கேட்கிறான். பணத்துக்காக யாராவது அவளை மணந்துவிட்டால் என்ன செய்வது என்று தந்தை கேட்கிறார். அந்த ஆபத்து சிறியது என்கிறான் மகன். இசபெலுக்கு 70,000 பவுண் கிடைக்கிறது.

தந்தை அஞ்சியதே நடக்கிறது. கில்பர்ட் ஒஸ்மண்ட் அவளை மணக்கிறான். திருமணத்துக்கு முன் ரால்ப் எச்சரிக்கிறான், அவள் ஏற்கவில்லை. அதன்பின் தன் துயரத்தை அவனிடமே மறைக்கிறாள். அந்தப் பணம் யாரால் வந்தது என்பதும் அவளுக்கு நெடுங்காலம் தெரியாது.

ரால்ப் நல்லவனா, தவறிழைத்தவனா? இரண்டும்தான். அவன் கொடுத்தது தூய அன்பினால். ஆயினும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் சாகும் தறுவாயில், கணவனின் எதிர்ப்பையும் மீறி இசபெல் ரோமிலிருந்து வருகிறாள். அப்போதுதான் இருவரும் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார்கள்.

நம் மலையகத் தோட்டங்களில், பெண் பறித்த கொழுந்துக்கான சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ கைநீட்டி வாங்கிய காலம் உண்டு. இசபெலின் நிலை வேறு. பணம் அவள் பெயரிலேயே இருந்தது. ஆனாலும் அவளைக் கேட்காமலே அவளுக்காக முடிவெடுத்தார்கள். மகளின் படிப்பையும் திருமணத்தையும் அன்போடு தீர்மானிக்கும் பெற்றோரும் இந்த இடத்தில் சற்று நின்று வாசிக்கலாம்.

சிந்திக்க:
1. பணம் ரால்பினால் வந்தது என்பதை இசபெல் முதலிலேயே அறிந்திருந்தால், அவன் எச்சரிக்கையை ஏற்றிருப்பாளா?
2. ரால்பின் நகைச்சுவை அவனுக்குப் பலமா, ஒளிந்துகொள்ளும் இடமா?