கண் முன்னே, கால் பின்னே!

ஓடுவதற்கு எது முக்கியம் என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று "கால்தான்" என்பீர்கள். நானும் மெக்கானிக்கல் மாணவன். எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பேசத்தான் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்டியரிங் இல்லாத வண்டி எத்தனை தூரம் போகும்? ஓடுகிறவனுக்குக் கண்தான் ஸ்டியரிங்.

நம்மில் பலர் காவலர் தேர்வுக்காக விடியுமுன் எழுந்து ஓடுகிறோம். தமிழ்நாடு காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். மைதானம் கிடைக்காதவனுக்கு ரோடுதான் மைதானம். அங்கே பள்ளம், ஜல்லி, வேகத்தடை, படுத்திருக்கும் மாடு எல்லாம் உண்டு. ஓர் அடி தவறிக் கணுக்கால் பிசகினால் பல மாதப் பயிற்சி வீண். என் ஹாஸ்டல் நண்பன் ஒருவனுக்குத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்படித்தான் ஆயிற்று. "பள்ளத்தைப் பார்த்தேன்டா மச்சான், ஆனா பார்க்கும்போதே காலு உள்ளே போயிடுச்சு" என்றான். பார்த்தும் ஏன் தப்பிக்க முடியவில்லை?

கணக்குப் போடுவோம்

1500 மீட்டரை 420 விநாடியால் வகுத்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 3.57 மீட்டர். கண்ணில் பட்டதை மூளை அறிந்து காலைத் திருப்ப ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் நாம் 0.71 மீட்டர் கடந்திருப்போம். நிமிடத்துக்கு 170 அடி வைப்பவனுக்கு ஓர் அடி என்பது 0.35 விநாடி, 1.26 மீட்டர். அதாவது, கால் கிளம்பிய பிறகு பார்த்தால் பாதி அடி முடிந்தே போயிருக்கும். மீதிப் பாதியில் உடம்பை வேறு பக்கம் திருப்புவது கடினம். எறிந்த பந்தைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

அப்படியானால் எங்கே பார்ப்பது?

கனடாவில் பட்லா, விக்கர்ஸ் என்ற இருவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், தடையை நெருங்கும்போதுதான் மனிதன் அதைப் பார்க்கிறான், தாண்டும் நேரத்தில் பார்ப்பதில்லை என்று கண்டார்கள். 2018-ல் அமெரிக்காவில் மாத்திஸ், ஹேஹோ குழுவினர் கரடுமுரடான பாதையில் நடப்பவர்களின் கண்ணசைவை அளந்தார்கள். பாதை எப்படியிருந்தாலும் அவர்கள் பார்வை சுமார் 1.5 விநாடி முன்னால் இருந்தது. இது நடைக்கான அளவு. ஓட்டத்துக்கும் இதையே வைத்துக்கொண்டால், நம் வேகத்தில் 5 மீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய நாலு அடி தூரம்.

காலடியைக் குனிந்து பார்க்கத் தேவையில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு இடம்தான் கண்ணுக்கு மிகத் துல்லியம். அதை முன்னால் அனுப்பிவிட வேண்டும். அருகில் உள்ளதைக் கண்ணின் கீழ் ஓரப் பார்வை கவனித்துக்கொள்ளும்.

3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் பந்தயம் இதற்கு நல்ல உதாரணம். 28 தடைகள், 7 தண்ணீர்த் தாண்டல்கள். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 செ.மீ.; இடித்தாலும் கட்டை விழாது, ஆள்தான் விழுவான். 110 மீட்டர் தடை ஓட்டம் போல இத்தனை அடிக்கு ஒரு தாண்டல் என்று எண்ணிவைக்க முடியாது. முன்னால் கூட்டம் வேறு மறைக்கும். தூரத்தைக் கண்ணால் அளந்து அடியை நீட்டியோ குறுக்கியோதான் தாண்ட வேண்டும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அவினாஷ் சாப்ளே இப்படித் தாண்டித்தான் 8 நிமிடம் 19.50 விநாடியில் தங்கம் வென்றார்.

இருட்டில் ஓடுபவர்களுக்கு

விழித்திரையின் குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். டியூப்லைட் அறையிலிருந்து நேரே ரோட்டுக்கு வந்து வேகம் எடுக்காதீர்கள்; முதலில் மெதுவாக நடங்கள். எதிரே லாரி வந்தால் ஹெட்லைட்டை முறைத்துப் பார்க்காமல் ரோட்டு ஓரத்தைப் பாருங்கள். டார்ச்சைத் தலைக்கு மேல் பிடிக்காமல் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். சாய்ந்து விழும் ஒளியில் பள்ளத்தின் நிழல் தெரியும். எத்தனை மீட்டர் தெளிவாகத் தெரிகிறதோ, அதை 1.5-ஆல் வகுங்கள். அதுதான் அந்த இடத்தில் உங்கள் வேக எல்லை. 3 மீட்டர்தான் தெரிகிறது என்றால் விநாடிக்கு 2 மீட்டர் போதும். வேகப் பயிற்சியை வெளுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நண்பர்களே, தேர்வில் ஸ்டாப் வாட்ச் நம் காலைத்தான் அளக்கும். ஆனால் அந்தக் காலைத் தேர்வு நாள் வரை பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது கண்தான். நன்றாகப் பாருங்கள், நன்றாக ஓடுங்கள், வெற்றி பெறுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை