துருப்பிடித்த தகரத்தில் ஒரு முகம்

கேள்வி: என் அப்பாவின் படத்தைப் பழைய தகரத்தில் அச்சிட்டதுபோல் மாற்ற ஆசை. கணினியில் கிம்ப் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். முதலில் உண்மையான துருவைப் படமெடுங்கள். பழைய கேட், ஓட்டை வாளி, எதுவானாலும் சரி. மேகமூட்டமான நாளில், நிழல் விழாமல், நேராக நின்று எடுங்கள். அதை அப்பா படத்துக்கு மேலே தனி லேயராக வைத்து, மோடை 'மல்டிப்ளை' ஆக்குங்கள். மிகவும் இருண்டால் 'ஓவர்லே'. ஒபாசிட்டியை 50 சதவீதத்தில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுவதால்தான் படம் போலியாகத் தெரிகிறது. துரு எங்கும் ஒரே மாதிரி படர்வதில்லை. பெயின்ட் உரிந்த இடத்திலும் விளிம்பிலும் ஆணித் துளையிலும் தொடங்கி, மழைநீர் வழிந்த பாதையில் கோடாகக் கீழே இறங்கும். ஆகவே துரு லேயருக்கு வெள்ளை லேயர் மாஸ்க் சேர்த்து, முகத்தின் மேல் மட்டும் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் தடவுங்கள். ஓரங்களைத் தொடாதீர்கள். கண்கள் தெளிவாக இருக்கட்டும், அது முக்கியம். அடியில் உள்ள படத்தின் சாச்சுரேஷனையும் குறையுங்கள். வெயிலில் கிடந்த தகரத்தில் சிவப்பு பளிச்சென்று நிற்காது.

செம்புத் தகடுபோல் வேண்டுமென்றால் இந்த ஆரஞ்சுத் துரு பொருந்தாது. பச்சைக் களிம்பு ஏறிய பாத்திரத்தைத் தேடிப் படமெடுங்கள்.