ஜலதோஷம்: முதல் நாளிலேயே செய்யத்தக்கவை

நம் அங்கத்தினர்களுக்கு உடலுழைப்பே மூலதனம். தறியில் அமர்ந்தால்தான் கூலி. வயலில் இறங்கினால்தான் விளைவு. ஆகவே, ஜலதோஷம் கண்டவர் "வெறும் தும்மல்தானே" என்று நாடாவை ஓட்டிக்கொண்டேயிருப்பதைக் காண்கிறோம். இரண்டொரு நாளில் அவர் படுக்கிறார். பின்னர் தார் சுற்றும் மனைவியும், பள்ளி செல்லும் குழந்தையும் படுக்கின்றனர். ஒருவர் காட்டிய அலட்சியத்தால் குடும்பமே கூலியை இழக்கிறது. இந்நஷ்டத்தைக் குறைக்கும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நோயின் காரணம்

மழையில் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று கூறுகிறோம். உண்மையில் அதனை உண்டாக்குபவை வைரஸ் எனப்படும் நுண்கிருமிகள். அவற்றுள் முதன்மையானது ரைனோ வைரஸ். அதில் மட்டுமே 150-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆதலால்தான் தடுப்பூசி காண்பது கடினமாயிருக்கிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே, 1946-ஆம் ஆண்டில் இந்நோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டுப் பல்லாண்டுகள் நடைபெற்றது. அங்கே தாமாக முன்வந்த சிலரை ஈர உடையுடன் குளிர்காற்றில் நிற்கச் செய்து சோதித்தனர். குளிர் மட்டும் ஜலதோஷத்தை உண்டாக்கவில்லை. எனினும் மழைக்காலத்தில் நாம் கதவடைத்து நெருங்கி வாழ்வதால் கிருமி எளிதிற் பரவுகிறது.

முதல் அறிகுறிகள்

கிருமி புகுந்த 1 முதல் 3 நாட்களுக்குள் தொண்டை கரகரக்கும். மூக்கில் அரிப்பும் தும்மலும் தோன்றும். பின்னர் நீர் வடியும். இவை தோன்றிய முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே நோய் பிறருக்கு மிகுதியாகத் தொற்றும்.

செய்ய வேண்டியவை

புகுந்த கிருமியைத் திருப்பியனுப்பும் மருந்து இன்றளவும் இல்லை. 7 முதல் 10 நாட்களில் உடலே அதனை வெல்கிறது. உடலுக்குத் துணை செய்வதும், அண்டையாரைக் காப்பதுமே நம்மாலாகும் காரியங்கள்.

1. உறக்கம்: 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 153 பேருடைய மூக்கில் கிருமியை இட்டுப் பார்த்தனர். 8 மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியவர்களைக் காட்டிலும், 7 மணிக்குக் குறைவாக உறங்கியவர்களுக்கு நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாகக் கண்டது. தீபாவளி நெருக்கத்திற் கண்விழித்து நெய்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தொண்டை கரகரத்த அன்றே தறியை நேரத்தோடு நிறுத்திப் படுத்தல் நலம்.

2. பானமும் கொப்பளிப்பும்: கஞ்சி, மிளகு ரசம், சுக்குக் கஷாயம் ஆகியவற்றை வெதுவெதுப்பாக அருந்தலாம். இவை கிருமியைக் கொல்லா. ஆனால் தொண்டைக்கு இதமளிக்கும். ஒரு தம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சூடு ஆறியதும் கொப்பளிக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. ஆவி பிடிப்போர் கொதிநீர்ப் பாத்திரத்தருகே குழந்தைகளை விடலாகாது.

3. பரவாமற் காத்தல்: மூக்கைச் சிந்திய பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. தும்மும்போது துண்டாலோ முழங்கை மடிப்பாலோ மூக்கையும் வாயையும் மூடுக. தம்ளரையும் துண்டையும் தனியே வைத்துக்கொள்க. நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கும் பழக்கமிருப்பின், அதனை அறவே விடுக, கம்பியாற் கோக்கலாம்.

செய்யத்தகாதவை

மருந்துக் கடையில் "ஆன்டிபயாட்டிக்" கேட்டு வாங்கி விழுங்குதல் கூடாது. அம்மருந்துகள் பாக்டீரியாக்களைக் கொல்லுமேயன்றி வைரஸைக் கொல்லா. தேவையின்றி உண்டால், உண்மையில் வேண்டியபோது அவை பயனற்றுப் போகும்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியன சாதாரண ஜலதோஷம் ஆகா. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்திற்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. கைக்குழந்தைக்கு மூச்சு வேகமானாலும், பால் குடிக்க மறுத்தாலும் அவ்வாறே செய்க. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்ச் சோதனை அவசியம். அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசம். பஞ்சுத் தூசியால் வந்த இருமல் என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது.

முடிவாக, ஒருவர் நோயுற்றபோது அடுத்த தறிக்காரர் அவருடைய அவசர வேலையிற் கைகொடுப்பாராயின், அவர் அச்சமின்றி ஓய்வு கொள்வார். நோயும் அவர் வீட்டோடு நிற்கும். கூட்டுறவு என்பது கணக்குப் புத்தகத்தோடு முடிவதன்று.

சிந்திக்க:

1. ஜலதோஷத்திற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாதது ஏன்?
2. நம் தறிக்கூடத்திற் கை கழுவச் சோப்பும் நீரும் எப்போதும் இருக்கின்றனவா?
3. நோயுற்ற அங்கத்தினருடைய பாவை முடித்துக் கொடுக்க நாம் என்ன ஏற்பாடு செய்யலாம்?