சத்தம் வந்தால் சென்சாரா குற்றவாளி?

அமாவாசை இரவுகளில் செஞ்சி வழியாக மேல்மலையனூருக்குக் கார்கள் வரிசைகட்டும். வண்டி நிறைய ஆள், ஏசி வேறு. வேகம் குறைந்த பிறகும் டாப் கியரிலேயே மிதித்தால் இன்ஜின் 'டக டக' என்று அடிக்கும். "நாக் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்று ஒரு யோசனையும் உடனே வரும்.

நம்பிக்கை: நாக்கிங் சத்தம் வந்தால் சென்சார் போய்விட்டது.

உண்மை: சென்சார் வெறும் காது. பிளக்கின் தீப்பொறி பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடிப்பதுதான் நாக்கிங். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய சென்சாருக்குள் இருக்கும் பீசோ வில்லை அந்த அதிர்வை மின்சாரமாக்கி, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு அனுப்பும். ஈசியூ தீப்பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். அம்பாசிடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி மெக்கானிக் செய்த அதே வேலைதான்.

சென்சார் நிஜமாகவே செத்துப்போனால் பெரும்பாலும் சத்தம் வராது. ஈசியூ முன்னெச்சரிக்கையாக டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், இழுவையும் மைலேஜும் குறையும். ஆகவே சத்தம் கேட்டால் முதலில் ஒரு கியர் இறக்குங்கள். அப்படியும் அடித்தால் இன்ஜின் சூடு, கார்பன் படிவு, பிளக், பெட்ரோல் என்று தேடுங்கள்.

நம்பிக்கை: இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உண்மை: ஆயில் ஃபில்டர் போல இதற்குப் பொதுவான கெடு கிடையாது. பழுதானால் மாற்றினால் போதும்.

நம்பிக்கை: ஸ்கேனரில் பி0325 என்ற பழுதுக் குறியீடு வந்தால் புது சென்சார்தான்.

உண்மை: அந்தக் குறியீடு சென்சாரின் சர்க்கியூட்டில் கோளாறு என்கிறது, அவ்வளவே. எலி கடித்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர், தளர்ந்த போல்ட் எதுவாகவும் இருக்கலாம். பல கார்களில் இந்த போல்ட்டின் இறுக்கம் சுமார் 20 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தில் முறுக்கினால் புது சென்சாரும் தப்பாகக் கேட்கலாம். அடியில் கூடுதல் வாஷரும் ஆகாது.

நம்பிக்கை: எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் நாக்கிங் வருகிறது.

உண்மை: நேர்மாறு. எத்தனால் சேர்ந்தால் நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் கூடும். மைலேஜ் குறைவது வேறு வழக்கு. அதில் நியாயம் உண்டு.

அடுத்த முறை "மாத்திடலாம்" என்றால், ஒயரையும் கனெக்டரையும் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பர்ஸை எடுக்காதீர்கள்.