ஜக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல

கராஜ் தொலைவிலுள்ள கிராமங்களில் காரின் சில்லு மாற்றுவதும் அடிப்பகுதியில் பழுது பார்ப்பதும் வீட்டு முற்றத்திலேயே நடைபெறுகின்றன. இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்குப் பழைய கார் பிழைப்புக்கான முதலாக இருக்கலாம். அதை ஓட்டி உழைப்பவரின் உயிரோ அதனிலும் பெரிய முதல். எனவே காரைப் பத்திரமாக உயர்த்தும் முறையை இப்பாடத்தில் நோக்குவோம்.

கார் ஏன் விழுகிறது?

சிறிய கார் ஒன்றின் நிறை ஏறத்தாழ 1000 கிலோ. ஒரு மூலையை உயர்த்தும்போது 250 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஜக்கின் அடித்தட்டில் இறங்கலாம். அத்தட்டு 10 சென்ரிமீற்றர் சதுரமாயின் அதன் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. இளகிய மண்ணில் அது புதைந்து சரியும். அதன்கீழ் 30 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பலகையை வைத்தால் பாரம் ஒன்பது மடங்கு பரப்பில் பரவும்.

எண்ணெய் ஜக்கில் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட எண்ணெயே. ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கார் இறங்கிவிடும்.

செய்யவேண்டிய ஒழுங்கு

1. மட்டமான, இறுகிய நிலத்தில் காரை நிறுத்துவோம். எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, கைப்பிறேக்கை இழுப்போம். உள்ளே எவரும் இருத்தல் கூடாது.

2. எதிர்முனைச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். பெரும்பாலான கார்களில் கைப்பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தை உயர்த்தும்போது அதை நம்ப முடியாது.

3. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துவோம். உயர்த்தியபின் பலமாக இழுத்தால் கார் ஜக்கிலிருந்து சறுக்கும்.

4. ஜக்கை அதற்கென அமைந்த உறுதியான இடத்தில் மட்டும் கொடுப்போம்.

5. உயர்த்தியதும் உறுதியான சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கியை வைத்து, ஜக்கை மெல்ல இறக்கிப் பாரத்தைத் தாங்கியில் இருத்துவோம். தாங்கி இல்லையேல், சதுரமாக அறுத்த தடித்த மரக்கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கலாம்.

6. கழற்றிய சில்லைக் காரின் அடியில் கிடத்துவோம். தாங்கி தவறினாலும் அது காக்கும். கீழே போகுமுன் காரைக் கையால் அசைத்துப் பார்ப்போம்.

செய்யக் கூடாதவை

சீமெந்துக் கல்லும் செங்கல்லும் பாரத்தில் திடீரென நொறுங்கும். உருண்டைக் குற்றி உருளும். அலவாங்கால் நெம்பிச் சிலர் பிடித்திருக்க ஒருவர் கீழே கை வைத்தல் கூடவே கூடாது. களைத்த கை வழுவும். தனியே இவ்வேலையில் இறங்குவதும், சிறுவரை அருகே விடுவதும் ஆபத்தானவை.

கலந்துரையாடுவோம்

• எமது ஊரில் ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகும் வழக்கம் உண்டா?
• ஒரு சோடி இரும்புத் தாங்கியை ஐந்து குடும்பங்கள் கூடி வாங்கிப் பொதுவில் வைத்திருக்க முடியாதா? அது யார் வீட்டில் இருக்கவேண்டும்?