கையடக்க விளையாட்டுக் கருவியைத் திறன்பேசி விழுங்கிவிட்டதா?

ரயிலில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். கைத்தொலைபேசியில் விளையாடுவோரை எளிதில் காணலாம். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவியை வைத்திருப்பவரைத் தேடத்தான் வேண்டும். அப்படியானால் திறன்பேசியும் பலகைக் கணினியும் அக்கருவிகளின் இடத்தைப் பிடித்துவிட்டன எனலாமா? சற்று ஆராய்வோம்.

சிறந்த திரை வென்றதா?

நிண்டெண்டோ நிறுவனம் 1989-இல் ‘கேம் பாய்’ கருவியை வெளியிட்டது. அதில் வண்ணத்திரை இல்லை. ஆனால் நான்கு சிறு மின்கலங்களில் பல மணி நேரம் ஓடியது. அடுத்த ஆண்டு சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வண்ணத்திரையோடு வந்தது. ஆறு மின்கலங்களை விரைவில் தீர்த்தது. விற்பனையில் வென்றது கேம் பாய்தான். தொழில்நுட்பத்தில் உயர்ந்தது மட்டுமே வெல்லும் என்பது தவறு என்பதற்கு இது முதல் சான்று.

தொலைபேசியின் படையெடுப்பு

1997-இல் நோக்கியா 6110 தொலைபேசியில் ‘பாம்பு’ விளையாட்டு வந்தது. 2003-இல் அதே நிறுவனம் தொலைபேசியையும் விளையாட்டுக் கருவியையும் இணைத்து ‘என்-கேஜ்’ செய்தது. விளையாட்டு அட்டையை மாற்ற மின்கலத்தையே கழற்ற வேண்டியிருந்தது! அது தோற்றதில் வியப்பில்லை.

2007-இல் ஐபோனும், 2008-இல் அதன் செயலிக் கடையும், 2010-இல் ஐபேடும் வந்தபின் நிலைமை மாறியது. இலவசமாகவோ ஓரிரு வெள்ளிக்கோ விளையாட்டுகள் கிடைத்தன. 2004-இல் வெளிவந்த நிண்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றிருந்தது. 2011-இல் வந்த 3டிஎஸ்ஸின் விலையோ, அமெரிக்காவில் ஆறு மாதத்திற்குள் 250 டாலரிலிருந்து 170 டாலராகக் குறைக்கப்பட்டது. அதன் மொத்த விற்பனை டிஎஸ்ஸில் ஏறக்குறைய பாதிதான். சோனியின் ‘வீட்டா’ 2019-இல் நின்றுபோனது. தனிக்கருவிகளின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர்.

கணிப்பு எங்கே பிழைத்தது?

2017-இல் நிண்டெண்டோ ‘ஸ்விட்ச்’ வந்தது. கையில் வைத்தும் தொலைக்காட்சியில் இணைத்தும் ஆடக்கூடிய இக்கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. 2022-இல் ‘ஸ்டீம் டெக்’, 2025-இல் ‘ஸ்விட்ச் 2’ என வரிசை தொடர்ந்தது.

காரணங்கள் மூன்று. முதலாவது, பொத்தான்கள். கண்ணாடித் திரையில் விரலே காட்சியை மறைக்கும். எதைத் தொடுகிறோம் என்று விரல் உணராது. இரண்டாவது, மின்சக்தி. விளையாடித் தீர்த்த தொலைபேசியில் அவசரத்திற்கு வீட்டை அழைக்க முடியாது. மூன்றாவது, வணிகமுறை. இலவச விளையாட்டு பலவற்றில் இடையிடையே பணம் கேட்பதற்கேற்பவே ஆட்டம் அமைக்கப்படுகிறது. முழு விலைக்கு விற்கும் விளையாட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே படைப்பாக அமைய முடியும்.

ஆகவே, பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தைத் திறன்பேசி எடுத்துக்கொண்டது. ஆழ்ந்து ஆடும் இரண்டு மணி நேரத்தைத் தனிக்கருவி காத்துக்கொண்டது. ‘ஒன்று மற்றொன்றை ஒழிக்குமா?’ என்று கேட்பதைவிட, ‘எந்தப் பயனை எடுத்துக்கொள்ளும்?’ என்று கேட்பதே சரியான ஆய்வுக் கேள்வியாகும்.

உண்மையான இழப்பு

இதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. 2017-இல் ஐபோனின் இயங்குதளம் ஐஓஎஸ் 11-க்கு மாறியபோது, 32-பிட் முறையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாத செயலிகள் அதில் இயங்காமல் போயின. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் அவற்றுள் அடங்கும். தனிக்கருவியும் இதற்கு விலக்கல்ல. 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. அதில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லை. ஆனால் 1989-இன் அட்டை பழுதாகாதவரை, பழைய கேம் பாயில் இன்றும் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எந்தக் கருவி வெல்லும் என்பதை விற்பனை சொல்லும். நாம் வாங்கியது நம்முடையதா, இரவலா என்பதை வாங்குமுன் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.