இளையர்களுடன் தொண்டூழியம் செய்யும் மூத்தோருக்கு: எச்ஐவி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

துணைப்பாட வகுப்பு, காற்பந்துப் பயிற்சி, விடுமுறை முகாம் என இளையர் நடவடிக்கைகளில் உதவும் மூத்தோர் பலர். “பிள்ளைகளில் யாருக்காவது எச்ஐவி இருந்தால் எங்களிடம் முன்பே சொல்ல வேண்டாமா?” என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. ஏன் என்பதைக் கீழே படியுங்கள்.

எச்ஐவியும் எய்ட்சும் ஒன்றா?

இல்லை. எச்ஐவி, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தாக்கும் கிருமி. சிகிச்சை பெறாவிட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய கடைசிக் கட்டம் எய்ட்ஸ். முறையாக மருந்து சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலப் படித்து, வேலை செய்து, நீண்டநாள் வாழலாம். மருந்தினால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமும் அது பிறருக்குப் பரவாது.

எப்படிப் பரவுகிறது?

பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்ந்துகொள்வது, கிருமியுள்ள இரத்தம், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகியவற்றின் மூலம் பரவலாம். சேர்ந்து சாப்பிடுவது, கட்டியணைப்பது, நீச்சல்குளம், கழிவறை, இருமல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது.

காயம்பட்டு இரத்தம் வந்தால்

தமக்குக் கிருமி இருப்பது ஒருவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே, பெயர்ப்பட்டியல் பாதுகாப்புத் தராது. எல்லாருடைய இரத்தத்தையும் ஒரே விதமாகக் கையாளுங்கள்:

1. கையுறை அணிந்து, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். பிறகு பிளாஸ்டர் ஒட்டுங்கள்.
2. சிந்திய இரத்தத்தைத் திசுத்தாளால் ஒற்றியெடுங்கள். 1 பங்கு பிளீச்சில் 9 பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள்.
3. கையுறையைக் கழற்றியபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.
4. உங்கள் கண்ணிலோ திறந்த புண்ணிலோ இரத்தம் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும்.

ஓர் இளையர் உங்களிடம் சொன்னால்

“ஆண்ட்டி, எனக்கு எச்ஐவி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று ஒருவர் சொல்லலாம். உங்களை நம்பித்தான் சொல்கிறார்.

• பொறுமையாகக் கேளுங்கள். “எப்படி வந்தது?” என்று துருவாதீர்கள். பிறப்பிலிருந்தே அது இருக்கலாம்.
• சக தொண்டூழியரிடமோ உறவினரிடமோ சொல்லாதீர்கள்.
• விளையாட்டிலிருந்தோ சாப்பாட்டு மேசையிலிருந்தோ ஒதுக்காதீர்கள்.
• சிகிச்சைக்குச் செல்கிறாரா என்று அன்போடு கேளுங்கள்.
• அவரை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால், திட்டப் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள். சொல்லப்போவதை இளையரிடமும் முன்பே தெரிவியுங்கள்.

பரிசோதனை

சிங்கப்பூரில் குறிப்பிட்ட சில மருந்தகங்களில் பெயரோ அடையாள அட்டை எண்ணோ தராமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம். தயங்கும் இளையருக்கு இதைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.